யூதாசின் இடத்துக்கு ஆள் தேவை

யாழ்ப்பாணத்தில் ஒன்பது மணிக்கு என்று சொன்னால் பத்தரைக்கு வருவதுதான் மரியாதை. கலியாண வீடோ சங்கக் கூட்டமோ, சொன்ன நேரத்துக்குப் போய் நிற்கிறவனைச் சனம் ஒருமாதிரித்தான் பார்க்கும். அப்படிப்பட்ட ஊரில், அந்தத் தை மாதத்துச் சனிக்கிழமை, சனசமூக நிலைய முற்றத்தில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த நீள வாங்கு முழுக்க விடிந்தும் விடியாததுமாய் முகம் துடைக்கிற லேஞ்சிகள் விரிந்து கிடந்தன. பஸ்ஸில் இடம் பிடிக்க யன்னலுக்குள்ளால் எறிகிற அதே லேஞ்சிதான். லேஞ்சி இல்லாதவர்கள் குடையை வைத்திருந்தார்கள். செல்வநாயகி தன் கைப்பையையும் புருசனின் சால்வையையும் வைத்து இரண்டு இடம் பிடித்துவிட்டு, பக்கத்தில் காவலும் நின்றாள்.

ஐரிஸ் கூழுக்குப் போடப் பயிற்றங்காயை முறித்துக்கொண்டே அதைப் பார்த்துக் கொடுப்புக்குள் சிரித்தாள். எல்லாம் யூதாசுக்குப் பயந்த கூத்து.

சங்கதி இதுதான். ஐரிசின் மகள் அனுஜா கம்பஸில் சித்திரம் படித்தவள். தெல்லிப்பழையிலிருந்து அளவெட்டிக்குப் போகிற றோட்டைப் பார்த்தபடி நிற்கிற சனசமூக நிலையத்து மதிலில் ஒரு படம் வரைந்து தரச் சொல்லி அவளைக் கேட்டிருந்தார்கள். பனைமரமும் மாட்டுவண்டிலும் போதும் என்றார்கள். அவள் மாட்டேன் என்று நாண்டுகொண்டு நின்றாள். அந்த ஊரில் வேதக்காரர் வீடென்றால் விறாந்தைக் கதவுக்கு மேலே ஆண்டவரின் கடைசி இராப்போசனப் படம் தொங்கும். இத்தாலிக்காரன் ஒருவன் ஐந்நூறு வருசத்துக்கு முதல் ஒரு மடத்துச் சுவரில் வரைந்தது. நத்தாருக்கு நத்தார் கேக் சாப்பிட வந்து வந்து சைவக்கார வீட்டுச் சனத்துக்கும் அது மனப்பாடம். அனுஜா அதையே பகிடியாய் வரையப் போகிறேன் என்றாள். அதே மேசை, அதே கை நீட்டல், அதே திகைத்த முகங்கள். ஆனால் மேசையில் அப்பத்துக்குப் பதில் நண்டுக்கோது, கிண்ணத்துக்குப் பதில் பனையோலைப் பிளா, எல்லோரும் ஒடியல் கூழ் குடிக்கிற ஊர்ச்சனம்.

"எல்லாரும் பாத்துப் பாத்துக் கண் மரத்துப்போன படம் அம்மா. அதிலை எங்கடை ஆக்களை இருத்தினால்தான் நிண்டு பாப்பினம்."

போதகர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஆண்டவற்றை இடத்திலை ஒரு மனிசனையும் இருத்தாதை பிள்ளை."

"அதிலை கூழ்ப்பானைதான் ஐயா இருக்கப்போகுது."

போதகர் தாடையைத் தடவி யோசித்துவிட்டு, "பானையெண்டால் பரவாயில்லை" என்றார்.

ஆண்டவரின் இடம் அப்படிச் சுலபமாய்த் தீர்ந்தது. தீராதது மற்ற இடம். படத்தைப் பார்க்கிறவருக்கு இடப்பக்கம், யோவானுக்கு அங்காலே, மேசையில் முழங்கையை ஊன்றி, பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு பின்னுக்குச் சாய்கிறானே ஒருவன், அவனுடைய இடம். சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் விரலை அதில்தான் வைக்கும். மதிலில் வரப்போகிற படம், மழை வெயில் தாண்டி எத்தனையோ வருசம் நிற்கும். அதில் யூதாசாய் இருந்தவன் சாகும்வரை யூதாசுதான், பிள்ளைகள் யூதாசின் பிள்ளைகள். அன்றைக்கு வாங்கில் இருக்கிற இடத்தில்தான் மதிலிலும் ஆளை வரையப்போகிறாள். லேஞ்சி விரிக்காமல் என்ன செய்வார்கள்?

முற்றத்து மூலையில் மூன்று கல் வைத்து, பனம்மட்டை எரித்து, ஐரிசின் புருசன் நேசராஜா கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார். மரவள்ளித் துண்டும் பலாக்கொட்டையும் அவிந்து, திருக்கையும் நண்டும் றாலும் இறங்கி, செத்தல் மிளகாய் அரைத்த சிவப்பு மேலே மிதந்தது. கைப்புப் போக ஊறவைத்து வடித்த ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றினால் சரி. பெரிய பானைக் கூழென்றால் ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் காய்ச்சிக் கொடுப்பாரே தவிர, ஒருநாளும் சனத்தோடு வட்டமாய் இருந்து குடிக்கமாட்டார். மனுசன் மெக்கானிக். வீட்டோடு கராச். உழவு மெசின், தண்ணீர்ப் பம்பு, மோட்டார் சைக்கிள் எது வந்தாலும் கழற்றிப் பூட்டுவார். லொறி மட்டும் தொடமாட்டார். எவ்வளவு கேட்டாலும் கையை விரித்துவிடுவார். பெருமை பிடித்த மனுசன் என்று ஊர் அதற்கும் ஒரு கதை வைத்திருந்தது.

செல்வநாயகியின் புருசன் பொன்னம்பலம் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டுக் காலில் செம்மண்ணோடு வந்து, காலியாய்க் கிடந்த இடத்தைப் பார்த்து வசதியாய்க் குந்தினார். நத்தாருக்கு வேதக்கார வீடுகளுக்குப் போனாலும் கேக்கைப் பார்க்கிறவரே தவிர சுவரைப் பார்க்கிறவரில்லை. மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த செல்வநாயகி குளறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"எழும்புங்கோ! உதிலை இராதேங்கோ!"

"ஏன், வாங்கிலை ஆணியே?"

"ஆணியில்லை, யூதாஸ்!"

"ஆரவர்? எந்தப் பக்கத்து ஆள்?"

"ஆண்டவரைக் காட்டிக் குடுத்தவர்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பொன்னம்பலம் எறும்பு கடித்தவர்போல எழும்பி, தன் சால்வை கிடந்த இடத்துக்கு மாறினார்.

"அப்ப ஆர் இருக்கிறது?" என்று அனுஜா கேட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வெயில் ஏற முதல் படம் எடுக்கத் துடித்துக்கொண்டிருந்தாள். "ரீச்சர், நீங்கள் ஒருக்கால் மாறுங்கோவன்."

கிறிஸ்ரினா ரீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். "ஓய்வுநாள் பள்ளி நடத்திற என்னையோ? நல்ல கதை."

"இராசாத்தியக்கா?"

இராசாத்தி தொண்டைமானாற்றிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிறவள். அன்றைய நண்டு அவளுடைய உபயம். "என்னை உதிலை இருத்தினால் பிறகு ஆர் பிள்ளை என்ரை தராசை நம்புவினம்?"

"ஐயோ, இது சும்மா ஒரு படம்!"

"சும்மா படமெண்டால் நீ இருவன்."

"நான் படம் எடுக்கிறவளெல்லே!" அனுஜா அலுத்துப்போய்ச் சுற்றிப் பார்த்தாள். அடுப்படி கண்ணில் பட்டது. முகம் மலர்ந்து போயிற்று. "அப்பா! நீங்கள் வந்து இருங்கோவன். ஒரு ஆள்தான் குறையுது."

சிரிப்பு நின்றது. வாங்கிலிருந்தவர்கள் மேசையைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள், ஒருவரும் நேசராஜாவைப் பார்க்கவில்லை. வலது கோடியில் இருந்த ஐரிஸ், ஆராவது ஒரு வாய், ஒரேயொரு வாய், "வேண்டாம் பிள்ளை, அப்பாவை விடு" என்று சொல்லும் என்று பார்த்தாள். பொன்னம்பலம் இருந்தபோது குளறின செல்வநாயகி கூட வாய் திறக்கவில்லை.

நேசராஜா அகப்பையைப் பானைக்குக் குறுக்கே வைத்தார். சாறத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இருந்தார். மேசையில் முழங்கையை ஊன்றினார்.

"இப்பிடியே பிள்ளை?"

"ஓம் அப்பா. கொஞ்சம் பின்னுக்குச் சாயுங்கோ. கையிலை ஒரு பை இருக்கோணும்."

அவர் எட்டி உப்புப் பையை எடுத்துப் பொத்திப் பிடித்தார். படத்தில் இருக்கிறவனே வந்திருந்தது போல அப்படிப் பொருத்தமாய் இருந்தது.

அனுஜாவுக்குத் தெரியாது. அந்த ஊரில் தெரியாத ஒரே ஆள் அவள்தான். சண்டைக் காலத்தில் ஆமி ஊரைச் சுற்றிவளைத்தால் ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொல்வார்கள். அங்கே சாக்கால் முகத்தை மூடின ஒருவன் இருப்பான். நிரையாய் அவனுக்கு முன்னால் போகவேண்டும். அவன் தலையை ஆட்டினால் ஆள் போச்சு. தலையாட்டி என்றுதான் சனம் சொல்லும். அப்படி ஒரு சுற்றிவளைப்பில் ஐந்து பெடியன்களை மறித்து வைத்தார்கள். ஒருவன் இருபது வயது நேசராஜா. ஒருவன் பொன்னம்பலத்தின் தம்பி. இன்னொருவன் நல்லம்மா என்கிற கைம்பெண்ணின் ஒரே பிள்ளை. பொழுதுபட நேசராஜா மட்டும் வீட்டுக்கு நடந்து வந்தான். மற்ற நாலு பேரும் வரவேயில்லை.

அவ்வளவுதான். மற்ற நாலு பேரையும் காட்டிக் கொடுத்துத்தான் தப்பி வந்தான் என்று முடிவு கட்ட ஊருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. முகத்துக்கு நேரே ஒருவரும் எதுவும் சொன்னதில்லை. "தலையாட்டிக்கோ பெட்டையைக் குடுக்கப் போறியள்?" என்று ஐரிசின் தகப்பனிடம் மட்டும் கேட்டார்கள். நல்லம்மா, நேசராஜா றோட்டில் வந்தால் வேலிப் பக்கம் திரும்பி நின்று, அவர் கடந்து போன பிறகுதான் நடப்பாள். அன்று நடந்ததை அவர் ஐரிசுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, ஒருவருக்கும் சொல்லக்கூடாதென்று வேதப்புத்தகத்தில் கை வைக்கச் சொன்னார். ஐரிசும் வைத்தாள், விசரி.

"எழும்புங்கோ!"

தன் குரல்தான் அது என்று ஐரிசுக்கே ஒரு கணம் கழித்துத்தான் விளங்கியது. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து புருசனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஐரிஸ், விடும்" என்றார் நேசராஜா.

"என்னத்தை விடுறது? முப்பது வருசத்துக்கு மேலாய் விட்டிட்டுத்தானே இருந்தனான்! பொன்னம்பலமண்ணை தெரியாமல் இருந்தோடனை எல்லாரும் குளறினியள். இவர் இருக்கேக்கை ஒருத்தருக்கும் வாய் வரேல்லை. என்ன, பொருத்தமான ஆள் வந்திட்டார் எண்டு பாத்தியளோ?"

"ஐரிஸ், நாங்கள் ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள் கிறிஸ்ரினா ரீச்சர்.

"அதைத்தான் ரீச்சர் நானும் சொல்லுறன்! இவ்வளவு காலமும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. சொன்னால் இல்லையெண்டு மறுமொழி சொல்லலாம். கேட்டால் நடந்ததைச் சொல்லலாம். வாயை மூடிக்கொண்டு இருந்தே மனிசனை உயிரோடை சாகடிச்சுப்போட்டியள்!"

அனுஜா போனை இறக்கினாள். "அம்மா, என்னம்மா? என்ன நடந்தது?"

"கேள் பிள்ளை, நீயும் கேள். நான் வேதத்திலை கை வைச்சுச் சத்தியம் பண்ணினனான். இண்டைக்கு முறிக்கிறன். ஆண்டவர் மன்னிச்சால் மன்னிக்கட்டும். அண்டைக்கு அவையின்ரை லொறி ஓடாமல் நிண்டு போச்சு. ஆரடா மெக்கானிக் எண்டு கேட்டு இவரை இழுத்துக்கொண்டு போனவங்கள். பிடரியிலை துவக்கை வைச்சுத் திருத்தச் சொன்னவங்கள். திருத்தினார். போ எண்டு விட்டிட்டாங்கள். இவர் ஆரையும் காட்டவுமில்லை, தலையை ஆட்டவுமில்லை. அவ்வளவுதான்!"

"அவ்வளவுதான் இல்லை" என்றார் நேசராஜா.

உப்புப் பையை இன்னும் பொத்திப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். பொன்னம்பலத்தைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"அந்த லொறியிலைதான் அண்ணை உங்கடை தம்பியை ஏத்தினவங்கள். டீசல் பைப்புக்குள்ளை காத்து அடைச்சிருந்தது, வேறை ஒண்டுமில்லை. ஒரு நட்டைத் தளத்தி விட்டால் சரி. எனக்கு ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. இன்னொண்டு இருக்கண்ணை. எஞ்சின் ஸ்ராட் வந்தோடனை எனக்குச் சந்தோசமாய் இருந்தது. வேலை சரிவந்தால் வாற சந்தோசம். ஒரு கணம்தான். பிறகுதான் ஆரை ஏத்திறாங்கள் எண்டு பாத்தனான். அந்தச் சந்தோசத்தைத்தான் என்னாலை மறக்கேலாமல் கிடக்கு. அதாலைதான் இவள் கூப்பிட்டோடனை வந்து இருந்தனான். ஒருத்தரிலையும் கோவமில்லை."

கூழ் அடிப்பிடிக்கிற மணம் வந்தது. வாயைத் திறந்து கெடுத்துவிட்டேனோ, இனி லொறிக் கதையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரிவார்களோ என்று ஐரிஸ் பயந்தாள்.

பொன்னம்பலம் எழும்பினார். மேசையைச் சுற்றி வந்தார். நேசராஜாவுக்கு முன்னால் நின்று, "தள்ளி இரு" என்றார்.

"அண்ணை..."

"தள்ளி இரடா எண்டுறன்." வாங்கில் கையை ஊன்றினார். "அந்த லொறி ஓடாட்டி இன்னொரு லொறி வந்திருக்கும். இல்லாட்டி நடத்திக்கொண்டு போயிருப்பாங்கள். உனக்கு உது விளங்காதே, விசரா? அண்டைக்கு விடியப்பறம் என்ரை தம்பி புகையிலைக் குடிலுக்குள்ளை ஒளிக்கப் போறன் எண்டவன். நான்தான் விடேல்லை. களவெடுத்தனியே ஒளிக்கிறதுக்கு, போய் அடையாள அட்டையைக் காட்டிப்போட்டு வா எண்டு கையிலை பிடிச்சு அனுப்பினனான். இவள் செல்வநாயகிக்குக் கூட இதைச் சொல்லேல்லை. அவனை அனுப்பினது நான். பழியை நீ சுமக்கிறாய் எண்டு தெரிஞ்சும், சுமக்கட்டும் எண்டு பேசாமல் இருந்ததும் நான். இப்ப சொல்லு, உது ஆற்றை இடம்?"

சொல்லிக்கொண்டே நேசராஜாவை இடித்துத் தள்ளிக்கொண்டு வாங்கில் இருந்தார்.

செல்வநாயகி சீலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்தபடி வந்தாள். "கதையைக் கட்டினது நானில்லை நேசராஜாத் தம்பி. ஆனால் கேட்டதை நாலு கிணத்தடிக்குக் காவினது நான்தான். அரக்கிவிடுங்கோ, நானும் இருக்கவேணும்."

கிறிஸ்ரினா ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "ஒருநாள் விடியப்பறம் ஒரு பெடியன் என்ரை கதவைத் தட்டினவன். ரீச்சர் ரீச்சர் எண்டு கூப்பிட்டவன், நான் படிப்பிச்ச பிள்ளை. விளக்கை நூத்துப்போட்டுப் பேசாமல் இருந்தனான்." எழும்பி வந்து செல்வநாயகிக்குப் பக்கத்தில் ஒடுங்கினாள்.

பிறகு ஒருவர் பின் ஒருவராய் எழும்பினார்கள். சிலர் சொன்னார்கள், சிலர் சொல்லாமலே வந்தார்கள். கடைசியில் மேசையின் மற்றப் பக்கத்தில் இராசாத்தி மட்டும்தான் மிச்சம். சுற்றிவளைப்புக் காலத்தில் அவள் தொட்டில் பிள்ளை. ஆனாலும் தனியே இருக்க மனமில்லை. "நான்... நான் போன கிழமை பழைய நண்டைப் புது நண்டெண்டு வித்தனான்" என்றாள்.

ஐரிஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். "எது, இண்டைக்குக் கூழுக்குள்ளை போட்டதோ?"

"ஐயோ இல்லையக்கா! அது தெல்லிப்பழைச் சந்தையிலை!"

முதலில் சிரித்தது நேசராஜாதான். ஐரிஸ் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருசம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வழிய மனுசன் சிரித்தார். பிறகு எல்லோரும். ஒருவர் மடியில் ஒருவர், ஒருவர் தோளில் ஒருவர் என்று பன்னிரண்டு பேரும் யூதாசின் இடத்துக்குள் நெருக்குப்பட, வாங்கு கிறீச்சிட்டது, உப்புப் பை வெடித்து மேசையெல்லாம் கொட்டியது. மற்றப் பக்கம் முழுக்க லேஞ்சிகள் மட்டும் கிடந்தன.

"அசையாதேங்கோ!" என்று அனுஜா கத்தினாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்தபடி மற்றக் கையால் படம் எடுத்தாள். "ஒருத்தரும் அசையாதேங்கோ! இதுதான் படம்!"

அதுதான் மதிலில் ஏறியது. நடுவில் ஆவி பறக்கிற கூழ்ப்பானை. வலப்பக்கம் வெறும் மேசை. இடப்பக்கம் ஒரேயொரு இடத்துக்காகச் சனம் இடிபடுகிறது, பொன்னம்பலத்தின் கமக்கட்டுக்குக் கீழே நேசராஜாவின் சிரித்த முகம். றோட்டால் போகிற பஸ்காரன் மெதுவாக்கிப் பார்த்தான். போதகர் சைக்கிளை நிறுத்திவிட்டு நெடுநேரம் நின்று பார்த்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை மாற்றி எழுதினார்.

அதோடு முடிந்ததா? இல்லை. அன்றைக்கு வராத சனத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏன் பிள்ளை, எங்களை மட்டும் விட்டிட்டாய்?" என்று வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். "எங்கை இருத்த?" என்று அனுஜா கேட்டால், "அந்த நெருக்குப்படுற இடத்திலைதான்" என்றார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை. ஆளுக்கொரு கதையோடு வந்தார்கள். ஐரிஸ் தேத்தண்ணி ஊற்றி அலுத்துப்போனாள். ஆனால் அந்த அலுப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. கராச்சுக்கு வருகிறவர்களைத் தவிர முப்பது வருசம் ஒருத்தரும் ஏறாத வாசல் அது. படம் மதிலைத் தாண்டி ஒழுங்கைப் பக்கம் திரும்பியும் வளர்ந்தது.

ஒருநாள் காலமை ஐரிஸ் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது படலையில் நல்லம்மா நின்றாள். எண்பதைத் தாண்டிய மனுசி, கையில் தடி. ஐரிஸ் ஓடிப்போய்ப் படலையைத் திறந்தாள்.

"உள்ளுக்கு வாங்கோ மாமி."

"உன்ரை பெட்டையைக் கூப்பிடு."

அனுஜா பெயின்ற் கையோடு ஓடி வந்தாள். நல்லம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னையும் மதிலிலை கீறுறியே?"

"ஓம் ஆச்சி. எவ்விடத்திலை?"

"கொப்பனுக்குப் பக்கத்திலை." தடியை ஊன்றி மூச்சு வாங்கினாள். "என்ரை பிள்ளையோடை படிச்சவன். என்ரை குசினிக்குள்ளை இருந்து சோறு திண்டவன். அவன் திரும்பி வந்திட்டான் எண்ட கோவம் எனக்கு. என்ரை பிள்ளை வரேல்லை எண்டதுக்கு, வந்த பிள்ளையையும் செத்தவனாக்கிப் போட்டன். எனக்கும் அந்த வாங்கிலை இடம் இருக்கு மோனை. இல்லையெண்டு சொல்லிப்போடாதை."

கராச்சுக்குள் குறடு ஒன்று நிலத்தில் விழுந்தது. உழவு மெசினுக்கு அடியிலிருந்து நேசராஜா எழும்பி வந்தார். கிறீஸ் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "மாமி" என்றார்.

நல்லம்மா வேலிப் பக்கம் திரும்பவில்லை. தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். நெற்றி, காது, மயிர் என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள்.

"என்னடா, இப்பிடிக் கிழண்டு போனாய்?" என்றாள். "தலை முழுக்க நரைச்சுப்போச்சு." கையை நீட்டி அந்த மயிரைத் தொட்டாள். "அவனுக்கும் இப்ப இப்பிடித்தான் நரைச்சிருக்கும், என்ன?"

"ஓம் மாமி."

அனுஜா விறாந்தையில் கிடந்த வாங்கைத் தூக்கி வந்து முற்றத்தில் போட்டாள். நல்லம்மா இருந்தாள். நேசராஜா கிறீஸ் உடுப்போடு தள்ளி ஒரு கோடியில் குந்தப் போனார்.

"கிட்ட இரடா" என்றாள் நல்லம்மா.

அவர் அரக்கி இருந்தார். ஐரிஸ் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, அயல் கேட்டால் கேட்கட்டும் என்று வாய்விட்டுக் குளறி அழுதாள். அனுஜா படத்தை எடுத்தாள். எடுத்தாயிற்று என்று சொன்னாள். பிறகும் ஒருமுறை சொன்னாள். அவர்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை.